2016 இறுதித் தொடரில் ஸ்டெஃபன் கரி தடுமாறியதற்கு முழங்கால் காயம் போதுமான காரணமா?

கேள்வி: மேல்வளையம்

2015-16 பருவத்தில் அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏ-வில், ஸ்டெஃபன் கரியின் அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 73 ஆட்டங்களில் வென்று 9-ல் மட்டுமே தோற்றது. ஆட்டத்துக்குச் சராசரியாக 30.1 புள்ளிகள் எடுத்து, 402 முறை மூன்று புள்ளிக் கூடைகளை (தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிபவை) போட்ட கரி, என்பிஏ வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு வாக்குகூடப் பிசகாமல் மதிப்புமிகு வீரராகத் தேர்வானார். அதே கரியின் சராசரி, கிளீவ்லாந்து கேவலியர்ஸுக்கு எதிரான இறுதித் தொடரில் 22.6 ஆகச் சரிந்தது. ஏழாவது ஆட்டத்தில் 19 முறை எறிந்து 6 முறைதான் கூடையில் போட்டார். ஏழு ஆட்டங்கள் வரை நீளும் அந்தத் தொடரில் 3-1 என முன்னிலை பெற்றிருந்த அணி கோப்பையைப் பறிகொடுத்தது.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவருடைய ரசிகர்கள், கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகளின் முதல் சுற்றில் ஹூஸ்டனில் ஈரத்தரையில் வழுக்கியதால் ஏற்பட்ட முழங்கால் காயத்தைச் சொல்கிறார்கள். ஆனால் காயத்துக்குப் பின் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே, மே 9 அன்று போர்ட்லாந்தில், அவர் 40 புள்ளிகள் எடுத்தார். அவற்றில் 17 கூடுதல் நேரத்தில் மட்டும் வந்தவை. அன்று தடுக்காத முழங்கால் ஒரு மாதம் கழித்து எப்படித் தடுத்தது? இது காரணமா, வெறும் சாக்கா?

பதில்: தசைநார்

நான் உடலியக்கச் சிகிச்சைத் துறையில் இருப்பவன். கரியின் முழங்காலைப் பரிசோதித்தவன் அல்லன் என்பதால் பொதுவாகவே சொல்கிறேன். அவருக்கு ஏற்பட்டது முழங்காலின் உட்பக்கத் தசைநாரில் முதல் நிலைச் சுளுக்கு, அதாவது லேசான வகை. அந்தத் தசைநார், முழங்கால் உள்நோக்கி மடங்கிவிடாமல் பிடித்துக்கொள்வது. நேராக ஓடும்போதோ நின்ற இடத்திலிருந்து எறியும்போதோ அதற்குப் பெரிய வேலை இல்லை. ஓடிக்கொண்டே சட்டென்று பக்கவாட்டில் திரும்பும்போதுதான் முழுச் சுமையும் அதன்மேல் விழுகிறது. கரியின் ஆட்டமே அந்தத் திருப்பத்தை நம்பியது.

எண்களையும் பாருங்கள். இறுதித் தொடரில் அவருடைய மூன்று புள்ளி எறிதல்கள் 40 சதவீதம் கூடையில் விழுந்தன. வழக்கமான பருவத்தில் அது 45 சதவீதம், அதாவது சரிவு சிறியது. எல்லா எறிதல்களையும் சேர்த்துப் பார்த்தால் 50.4 சதவீதம் 40.3 ஆகிவிட்டது. அப்படியானால் பெரிய இழப்பு மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே, வளையத்தை நோக்கிப் புகுந்து செல்லும் இடத்தில்தான் நடந்திருக்க வேண்டும். ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், உயரமும் கனமும் கொண்ட கேவலியர்ஸ் வீரர் கெவின் லவ்வை அங்கும் இங்கும் ஆட்டிப் பார்த்தும் கரியால் விலக்க முடியவில்லை என்பதை எல்லோரும் கண்டோம். போர்ட்லாந்து ஆட்டத்தை எதிர்ச்சான்றாகக் காட்டுவது சரியன்று. நீண்ட ஓய்வுக்குப் பின் ஓர் இரவு தாங்கும் கால், இரண்டு மூன்று நாள்களுக்கு ஒரு முறை மோதும் தொடர்களில் அதேபோலத் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஜூன் மாதத்தில், இறுதித் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே, அவர் ரியோ ஒலிம்பிக்கிலிருந்து விலகிக்கொண்டதையும் மறக்க வேண்டாம்.

பதில்: எட்டாம்_எண்_சட்டை

தசைநார் அவர்களின் விளக்கத்தில் பிழை காண எனக்குத் தகுதி இல்லை; ஆனாலும் "ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்ற பழமொழிதான் நினைவுக்கு வருகிறது. இறுதிக்கு முந்தைய சுற்றில், மே 30 அன்று ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 36 புள்ளிகள், இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் 38, ஆறாவதில் 30. இவையெல்லாம் அதே முழங்காலோடு எடுத்தவைதாமே? அந்த ஆறாவது ஆட்டத்தில் ஆறு விதிமீறல்கள் செய்து வெளியேற்றப்பட்டபோது வாய்க்கவசத்தை அவர் வீசி எறிந்ததையும், ஏழாவதில் நெருக்கடியான நேரத்தில் முதுகுக்குப் பின்னால் பந்தைக் கடத்தப் போய்க் களத்துக்கு வெளியே அனுப்பியதையும் எந்தத் தசைநாரின் கணக்கில் எழுதுவது?

கேவலியர்ஸ் செய்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே என் குறை. கரி காக்கும் வீரரையே திரும்பத் திரும்ப அழைத்து எதிரணிக் காவலரின் வழியை மறிக்க வைத்து, தங்கள் நட்சத்திரங்களான லெப்ரான் ஜேம்ஸையோ கைரி இர்விங்கையோ கரி தனியாக எதிர்கொள்ளும்படி செய்தார்கள். கோப்பையைத் தீர்மானித்த எறிதலை, ஆட்டம் முடிய 53 நொடிகள் இருந்தபோது, கைரி எறிந்தது கரியின் தலைக்கு மேலாகத்தான். இது திட்டமிட்டு ஓட வைத்துக் களைப்படையச் செய்த ஆட்டம்.

பதில்: பழைய_ஓக்லாந்து

அந்தப் பழமொழி இங்கே பொருந்தாது. அவள் கூடத்தைக் குறை சொன்னாள். கரி தன் முழங்காலைக் குறை சொன்னதில்லை, சொன்னவர்கள் நாம்தான். ரசிகனாக இருந்தும் அதை நான் ஒரு காரணத்துக்காகச் சொல்வதை நிறுத்திவிட்டேன். இதே அணிகள் மோதிய 2015 இறுதித் தொடரில் தோள் காயத்தால் கெவின் லவ் ஆடவேயில்லை. கைரி முதல் ஆட்டத்திலேயே முழங்கால் சில்லு உடைந்து வெளியேறினார். அந்தக் கோப்பையை நாங்கள் குறையில்லாத வெற்றியாகக் கொண்டாடினோம். எதிரணியின் காயத்தை ஒதுக்கிவிட்டு எங்கள் காயத்தை மட்டும் ஏட்டில் எழுதுவது எப்படி நியாயமாகும்?

காயக் கணக்கு வேண்டுமென்றே கேட்டால், 2016 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு மீதித் தொடர் முழுவதையும் இழந்த எங்கள் அணியின் ஆண்ட்ரூ போகட்டைத்தான் நான் முதலில் சொல்வேன். அதே ஆட்டத்தில் எங்கள் டிரேமண்ட் கிரீன் தடை செய்யப்பட்டிருந்தார். கடைசி மூன்று ஆட்டங்களில் எங்கள் ஹாரிசன் பார்ன்ஸ் 32 முறை எறிந்து 5 முறைதான் கூடையில் போட்டார். அவருக்குக் காயமே இல்லை.

பதில்: மேல்வளையம்

மூவருக்கும் நன்றி. கோட்டுக்கு உள்ளே நடந்த சரிவை நான் கவனித்திருக்கவில்லை; ஆகவே முழங்காலுக்குப் பங்கில்லை என்று இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் முதுகுக்குப் பின்னால் போன அந்தப் பந்தை மட்டும் கரியின் கையின் கணக்கிலேயே வைக்கிறேன்.