கொண்டுவிக்கப் போனவர்களின் கதைகள்: யாருக்கு எந்தப் புத்தகம் கொடுக்கலாம்?

பள்ளத்தூர்ப் பெண்:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இருக்கிற தோழிகள் ஐந்து பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு முகப்பில் கூடுகிறோம். ஆளுக்கொரு புத்தகம் கொண்டுவந்து இன்னொருவர் கையில் கொடுப்பது, அடுத்த மாதம் அதைப் பற்றிப் பேசுவது, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததையே கொடுக்கிறோம், வாங்குகிறவருக்கு அது ஒத்துவருமா என்று யோசிப்பதில்லை, அதனால் பாதிப் புத்தகங்கள் அட்டை கசங்காமல் திரும்பி வருகின்றன.

இந்த முறை ஒரே பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். தோழி ஒருத்தி வீட்டைப் பழுது பார்க்கும்போது பெட்டகத்துக்குள் அவளுடைய ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனிலிருந்து எழுதிய கடுதாசிக் கட்டு கிடைத்தது. முக்கால்வாசி வட்டிக் கணக்கு, ஊர்க் கோயில் வரி, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதுதான். நடுவில் ஒரு வரி, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று. அதைப் படித்ததிலிருந்து எங்களுக்கு அந்தக் காலத்தை, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போன நம் நகரத்தாரின் வாழ்க்கையை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

எங்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை, கனமான புத்தகம் என்றாலும் அசர மாட்டார். இன்னொருவர் கடையை அடைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல்தான் புத்தகத்தைத் தொடுவார், நீளமாக இருந்தால் தூங்கிவிடுவார். ஒருத்தி கல்லூரியில் படிக்கிறாள், பெரும்பாலும் கைப்பேசியில்தான் வாசிப்பு. ஒருத்திக்கு ஏழு வயதில் மகன், அவனுக்கு வாசித்துக் காட்டும் நேரம்தான் அவளுக்கும் வாசிப்பு நேரம். ஐந்தாவது நான், நாவல் பைத்தியம். யாருக்கு எதைக் கொடுக்கலாம்? ஏன் என்றும் சொல்லுங்கள், வெறும் பட்டியல் வேண்டாம்.

—

கோட்டையூரான்:

ஆச்சி, நீங்கள் கேட்டிருக்கிற விதமே சரி. ஆளைப் பார்த்துத்தான் புத்தகம் கொடுக்க வேண்டும்.

உங்களுக்கு ப. சிங்காரம். வேறு யோசனையே வேண்டாம். நம் சிங்கம்புணரிக்காரர், சின்ன வயதிலேயே இந்தோனேசியாவில் மேடானுக்கு வேலைக்குப் போனவர், போருக்குப் பிறகு திரும்பி வந்து மதுரையில் நாளிதழ் வேலை பார்த்தவர். எழுதியது இரண்டே நாவல்கள். பெரியது ‘புயலிலே ஒரு தோணி’, 1972-இல் வந்தது. ஆனால் அதை முதலில் எடுக்காதீர்கள். ‘கடலுக்கு அப்பால்’ முதலில். பினாங்கில் வட்டிக்கடை, அங்கே வேலை பார்க்கும் செல்லையா, முதலாளி மகள் மரகதம், நடுவில் போரும் இந்திய தேசிய ராணுவமும். கதை நேராகப் போகும், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அதை வாசித்துவிட்டுப் பெரியதற்குப் போனால் கிட்டங்கி, பெட்டியடி, அடுத்தாள், மேலாள் என்கிற வட்டிக்கடைச் சொல்லெல்லாம் பழகியிருக்கும், திணறல் இருக்காது.

தமிழாசிரியைக்கு எங்கள் ஊர் ஏ. கே. செட்டியார். காந்தி ஆவணப் படத்துக்காக உலகத்தைச் சுற்றிப் பழைய படச்சுருள்களைத் தேடிப் பிடித்து 1940-இல் படத்தை வெளியிட்டவர் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த அலைச்சலைச் சொல்வது ‘அண்ணல் அடிச்சுவட்டில்’. ரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்தியவரும் அவர்தான், ஆகவே உங்கள் பொருளுக்கு வெளியே போய்விடவில்லை. அவருடைய பயணக் கட்டுரைகளில் எனக்குப் பிடித்தது சின்னச் சின்ன வாக்கியங்கள். எத்தனை பெரிய ஊரைப் பார்த்தாலும் வாயைப் பிளக்க மாட்டார், தன்னைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகப் பேச மாட்டார். தமிழ் சொல்லிக் கொடுத்தவர் வாசித்தால் அந்தச் சிக்கனத்தை இன்னும் நன்றாக ரசிப்பார்.

—

சிங்கம்புணரி வாசகன்:

கோட்டையூர் அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சிங்காரத்துக்குப் படி வைத்து ஏற வேண்டியதில்லை. நேராகத் தோணியிலேயே ஏறட்டும். மேடான் தெருவில் ஜப்பான்காரன் நுழைகிற தொடக்கம் ஒருவரைப் பிடிக்காது என்றால் அதற்கு முந்தைய நாவலை வாசித்ததால் மட்டும் பிடித்துவிடாது. மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் டச்சுச் சொல்லும் வந்து விழும்தான். விழட்டும், எல்லாவற்றுக்கும் பொருள் தெரிய வேண்டும் என்பதில்லை. பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடை எடுபிடியாக, போய் இறங்கியவனுக்கும் முதல் நாள் அப்படித்தானே இருந்திருக்கும்?

உங்கள் வட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும் என்றால் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் கடலைக் கடக்கும்போது புயல் அடிக்கிற பகுதியை எடுங்கள். கடல் பொங்குவதும் மரம் முறிவதும் வாக்கியத்திலேயே கேட்கும், வாய்விட்டு வாசித்தால்தான் அது தெரியும். அப்புறம் கதாநாயகன் பாண்டியன் எங்கோ தூர தேசத்தில் உட்கார்ந்துகொண்டு தன் ஊரான சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருக்களையும் நினைத்துப் பார்க்கிற இடங்கள். சந்தை, கடை, தெரு, அங்கே நிற்கிற ஆள்கள், ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போவார். நம் பக்கத்து ஆள் ஒருவர் நம் பக்கத்தை இத்தனை ஏக்கத்தோடு எழுதியதை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

—

பள்ளத்தூர்ப் பெண்:

இரண்டு பேருக்கும் நன்றி. சரி, நான் தோணியை எடுக்கிறேன், ‘கடலுக்கு அப்பால்’ கடைக்காரத் தோழிக்கு என்று வைத்துக்கொள்ளலாமா? இல்லை, அவளுக்கு அதுவும் நீளமா?

—

தேவகோட்டை ரஸ்தா:

கடைக்காரத் தோழிக்கு நாவலே வேண்டாம். சின்ன அண்ணாமலை எழுதிய ‘சொன்னால் நம்பமாட்டீர்கள்’ கொடுங்கள். நம் ஓ. சிறுவயலில் பிறந்தவர், தமிழ்ப்பண்ணை பதிப்பகம் நடத்தியவர். எல்லாம் துண்டு துண்டான சம்பவங்கள், ஒரு இரவுக்கு ஒன்று என்று வாசித்தாலும் தொடர்ச்சி கெடாது. 1942-இல் அவரைப் பிடித்துத் திருவாடானைச் சிறையில் வைத்தபோது ஊர் மக்கள் திரண்டு போய்ச் சிறையை உடைத்து வெளியே கொண்டுவந்தார்கள், பட்டப்பகலில். அந்த ஒன்றை வாசித்தால் போதும், பத்து மணித் தூக்கம் தானாகப் போய்விடும். கடல் கடந்த கதை இல்லைதான், ஆனால் பர்மாவிலிருந்து நம்மவர்கள் திரும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டில் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது அதில் இருக்கிறது.

பர்மா என்றதும் இன்னொன்று. அதைத்தான் நான் உங்கள் ஐந்து பேருக்கும் கட்டாயமாகச் சொல்வேன். வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’. ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திக்கொண்டிருந்தவர், ஜப்பான் குண்டு போடத் தொடங்கியதும் 1942-இல் மனைவியோடு கிளம்பிக் காடும் மலையுமாக நடந்து வந்தவர். எங்கள் வீட்டிலும் அப்படி நடந்து வந்தவர் உண்டு, ஆனால் அவர் வாய் திறந்து அதைச் சொன்னதே இல்லை. “வந்து சேந்தோம்” என்பதோடு சரி. பாதையில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள், எதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், எதைப் போட்டுவிட்டு வந்தார்கள் என்று எனக்கு இருந்த கேள்விகளுக்கு அந்தப் புத்தகத்தில்தான் விடை கிடைத்தது. சர்மாவின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் தேடலாம், ஆகவே உங்கள் கல்லூரிப் பெண்ணுக்குப் பொருந்தும். ரங்கூன் கடுதாசி கிடைத்த வீட்டுக்காரர் யாரோ அவருக்கு மட்டும் அச்சுப் புத்தகமாகக் கொடுங்கள்.

—

ராயவரம் டூ சிங்கப்பூர்:

ஏழு வயதுப் பையனை எல்லாரும் மறந்துவிட்டீர்களே! அழ. வள்ளியப்பா இருக்கும்போது என்ன கவலை. எங்கள் ஊர்க்காரர். ‘மலரும் உள்ளம்’ வாங்கி அந்த அம்மாவிடம் கொடுங்கள், பாட்டு என்பதால் அவனும் கூடச் சேர்ந்து சொல்வான். இங்கே சிங்கப்பூரில் என் பெண்ணுக்குத் தமிழ் நாக்கில் படிந்தது அந்தப் பாட்டுகளால்தான். பள்ளிப் பாடத்தில் தடுமாறுகிறவள் அவற்றைத் தடையில்லாமல் பாடுவாள்.

வள்ளியப்பா முதலில் வேலைக்குச் சேர்ந்தது சக்தி காரியாலயம் என்ற பதிப்பகத்தில். அதை நடத்திய வை. கோவிந்தனும் ராயவரம்தான். 1957-இல் பாரதியார் கவிதைகள் முழுவதையும் ஒன்றரை ரூபாய்க்குப் போட்டவர், சாதாரண ஆள் வாங்கிப் படிக்கட்டும் என்று. வீட்டில் அந்தப் பதிப்பு இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுவிக்கப் போய்ச் சம்பாதித்த பணத்தில் வீடு கட்டினார்கள், கோயில் கட்டினார்கள் என்று எல்லாரும் சொல்கிறோம். இப்படிப் புத்தகம் போட்டவர்களும் நம்மில் இருந்தார்கள் என்று அந்தக் கல்லூரிப் பெண்ணுக்குச் சொல்லுங்கள்.

—

காரைக்குடி வாசுகி:

நல்ல புத்தகங்கள்தான் எல்லாமே. ஆனால் பாருங்கள், போனவர்கள் எழுதியது அல்லது போனவர்களைப் பற்றி எழுதியது. மூன்று வருடக் கணக்குக்குப் புருஷன் கப்பலேறிப் போனபின் இத்தனை பெரிய வீட்டை வைத்துக்கொண்டு, கல்யாணம் காட்சி, கோயில் வரி, வயசான மாமியார், கைப்பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட ஆச்சிமார்களின் கதை எதில் இருக்கிறது? உங்கள் வட்டம் பெண்கள் வட்டம், இதை நீங்கள் பேசாமல் யார் பேசுவார்கள்.

புத்தகமாகத் தேடினால் குறைவுதான். தாலாட்டில் தேடுங்கள். நம் ஆச்சிமார்கள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுப் பாடிய பாட்டில் ஐயா போன ஊர், அனுப்பிய பொருள், தாய்மாமன் கொண்டுவந்த சீர் எல்லாம் வரும். என் அப்பத்தா பாடினால் நிறுத்தவே மாட்டார், நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன், விட்டுப்போன அடிகளைப் பெரியாச்சி நிரப்பிக் கொடுத்தார். இன்னொன்று, கல்யாணத்தில் சீராகப் பரப்பி வைத்த சாமான்களை எழுதி வைத்த நோட்டு. எவர்சில்வர், பித்தளை, மங்கு, மரச்சாமான், ஓலைக் கொட்டான் என்று பக்கம் பக்கமாக. பழைய நோட்டாக இருந்தால் எது பர்மாவிலிருந்து வந்தது, எது உள்ளூரில் செய்தது என்பதைக்கூட அதிலிருந்து பிடித்துவிடலாம். ஒரு மாதம் யாரும் புத்தகம் கொண்டுவர வேண்டாம், அவரவர் வீட்டு நோட்டையும் கடுதாசியையும் கொண்டுவாருங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

அந்தக் கடுதாசிக் கட்டை வெயிலில் காய வைக்க வேண்டாம், மை வெளுத்துவிடும். நிழலில் காற்றாட விட்டு, ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் பண்ணவே கூடாது.

—

கோட்டையூரான்:

வாசுகி ஆச்சி சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். வீட்டைக் காலி செய்கிறவர்கள் கதவையும் தூணையும் விலை பேசி விற்கிறார்கள், காகிதத்தை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார், விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். பிறர் வேண்டாம் என்று விட்ட புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வாழ்நாள் முழுதும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, 1994-இல் சென்னையில் அவர் பேரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. இன்றைக்குத் தமிழில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அங்கே போகாமல் இருக்க முடியாது. உங்கள் வட்டம் ஒருநாள் புதுக்கோட்டைக்குப் போய் ஞானாலயா நூலகத்தையும் பார்த்துவிட்டு வரலாம், முதல் பதிப்புகளைக் கண்ணால் பார்க்கலாம், காரைக்குடியிலிருந்து பக்கம்தான்.

சிங்கம்புணரித் தம்பிக்கு: புயல் பகுதியை வாய்விட்டு வாசிக்கச் சொன்னது நல்ல யோசனை. வரிசையில் மட்டும் நான் மாற மாட்டேன், ‘கடலுக்கு அப்பால்’தான் முதல்.

—

பள்ளத்தூர்ப் பெண்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் ஐந்து பேருக்கும் இதை அனுப்பிவிட்டேன். ஆசிரியை ஏ. கே. செட்டியாரை ஏற்கெனவே கேட்டு வாங்கிக்கொண்டார். கடைக்காரத் தோழிக்குச் சின்ன அண்ணாமலை, பையனுக்கு வள்ளியப்பா, கல்லூரிப் பெண் சர்மாவைக் கைப்பேசியில் தேடத் தொடங்கிவிட்டாள். கடுதாசி அவள் வீட்டில் கிடைத்ததுதான், அதனால் அச்சுப் பிரதியும் அவளுக்கே. நான் தோணியைத் தொடங்கிவிட்டேன், கோட்டையூர் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்ததாக மற்றதை எடுக்கிறேன்.

வாசுகி அக்கா, நோட்டு மாதம் வைப்பது என்று எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். தாலாட்டு எழுதிய உங்கள் நோட்டோடு நீங்களும் வர முடியுமா? இந்தத் தடவை கானாடுகாத்தானில் கூடுகிறோம், பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரம்தான். சர்மா புத்தகத்தின் அச்சுப் பிரதி யாரிடமாவது கூடுதலாக இருந்தால் சொல்லுங்கள், விலைக்கே வாங்கிக்கொள்கிறோம்.