குளிரறைக்குள் விறைத்த விரல்கள்

கொழும்பில் குளிரைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலானோர் நுவரெலியாவைத்தான் சொல்வார்கள். தை, மாசி மாதங்களில் அங்கே விடியற்காலையில் புல்லின்மீது உறைபனி படிந்திருந்ததையும், வெயில் ஏறியபின் தேயிலைக் கொழுந்து கருகிப்போனதையும் பார்த்து வந்தவர்கள் பலர். நான் பகிர விரும்புவது, வெளியே 30 பாகை வெயில் எரிக்கும் இதே நகரத்தில், ஒரு கனத்த கதவுக்கு அப்பால் இருக்கின்ற குளிரைப் பற்றியது.

ஏற்றுமதிக்காக மீனும் இறாலும் பொதிசெய்யும் நிறுவனமொன்றில் சில ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். இருப்பு எண்ணும் நாட்களில் நாங்களும் குளிரறைக்குள் போகவேண்டும். உறைந்த மீனை மைனஸ் 18 பாகை செல்சியசிலோ அதற்குக் கீழேயோ வைத்திருப்பதே வழமை. உள்ளே நுழைந்ததும் மூக்கினுள் இருக்கும் ஈரம் இறுகும். விசிறிகள் தள்ளும் காற்றில் காது மடல்கள் நோகும். வெளியே வந்தாலோ கொழும்பின் ஈரக்காற்றுப் பட்டு மூக்குக்கண்ணாடி முழுவதும் வெண்மையாகப் பூத்துவிடும்.

ஒரு நாள், ஹட்டன் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த இளைஞன் ஒருவன், நனைந்த கையுறையோடு நெடுநேரம் பெட்டிகளை அடுக்கியிருக்கிறான். ஈரம் உடலின் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெளியே வந்து கையுறையைக் கழற்றியபோது வலது கையின் இரண்டு விரல் நுனிகள் மெழுகு நிறத்தில் வெளுத்திருந்தன. தொட்டுப் பார்த்தேன்; தோல் தடித்து, இறுகிக் கிடந்தது. அவனுக்கோ என் தொடுகையே தெரியவில்லை.

மேற்பார்வையாளரிடம் போய், "சேர், விரல் விறைச்சுப் போச்சு, ஒண்டும் தெரியேல்ல" என்றான். அவர் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கொஞ்ச நேரம் வெயிலில நில், சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த லொறியின் இலக்கத்தைக் கேட்டார். குளிரறைக்குள் நான் உணர்ந்த எதையும்விட அந்தக் குரல்தான் என்னை உறையவைத்தது. அவர் கொடுமைக்காரர் அல்லர். எத்தனையோ பேர் இப்படி வந்து சொன்னதைக் கேட்டுக் கேட்டு, ஒருவனுடைய நோவு அவரிடம் போய்ச் சேராத நிலைக்கு வந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். 1866ஆம் ஆண்டிலேயே கொழும்பு ஐஸ் கம்பனி தொடங்கப்பட்ட நகரம் இது. இருந்தும், வெக்கையிலேயே வாழ்ந்து பழகிய நமக்கு, குளிரும் மனிதனைக் காயப்படுத்தும் என்பது இலகுவில் மனத்தில் பதிவதில்லை.

அப்போது அங்கிருந்த மூத்த தொழிலாளி ஒருவர், விரல்களைத் தேய்க்கப் போன பையனின் கையைத் தடுத்துப் பிடித்தார். "தேய்க்காதே தம்பி. நோகும் வரைக்கும் பயமில்லை, நோவு நின்றால்தான் பயப்பட வேணும்" என்றார். தசைக்குள் நீர் உறைந்திருக்கும்போது தேய்த்தால் உள்ளே சிதைவு கூடும் என்பதும், நெருப்பில் காட்டினால் உணர்வற்ற தோல் தெரியாமலே வெந்துவிடும் என்பதும் மருத்துவர்கள் சொல்வதுதான். அவர் வாளியில் இளஞ்சூடான நீரைக் கலந்து, தன் முழங்கையால் சூடு பார்த்து, அந்த விரல்களை அதில் வைத்தார். 37 முதல் 39 பாகை வரையிலான நீரே அதற்கு ஏற்றது. உணர்வு திரும்பத் தொடங்கியதும் பையன் வலி தாங்காமல் அழுதான். அழட்டும், அதுவே நல்லது என்று சொல்லி, அவன் முதுகைத் தடவியபடி அவர் பக்கத்திலேயே இருந்தார். பிறகு நாங்கள் முச்சக்கர வண்டியில் அவனை மருத்துவரிடம் கூட்டிப்போனோம்.

விரல்கள் பிழைத்தன, தோல் மட்டும் உரிந்தது. மாற்றிப் போட உலர்ந்த கையுறை ஒரு சோடி கதவருகே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. குளிரறை வைத்திருப்பவர்கள் அதையும், இடையிடையே வெளியே வந்து உடலைச் சூடாக்க நேரத்தையும் கட்டாயம் கொடுக்கவேண்டும். அந்தத் தம்பி இப்போது வெள்ளவத்தையில் துணிக்கடையொன்றில் வேலை செய்கிறான். குளிரூட்டியின் காற்று நேரே படுகின்ற இடத்தில் நின்றால், அந்த இரண்டு விரல்களும் இன்னும் நோகின்றனவாம்.