பங்கு யூனிட் ட்ரஸ்ட் நல்லதா இல்லையா என்று எதை வைத்துக் கணிப்பது? (15 வருஷத்துக்குப் போட)

தலவாக்கலை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். மகளின் மேற்படிப்புக்கென்று மாதம் 10,000 ரூபாய் ஒதுக்க முடியும், 15 வருஷத்துக்குத் தொடப்போவதில்லை. நிலையான வைப்பும் கொஞ்சம் நகையும் ஏற்கனவே இருக்கிறது, அதனால் இதைப் பங்குகளில் போடும் யூனிட் ட்ரஸ்ட் ஒன்றில் (பலருடைய பணத்தைச் சேர்த்து ஒரு கம்பனி முதலீடு செய்யும் ஃபண்ட்) போடலாம் என்று யோசனை. நானே பங்கு பார்த்து வாங்க நேரம் இல்லை. ஹட்டனில் ஒரு ஏஜென்ட் கடைசி 5 வருஷ வருமானத்தைப் படமாகக் காட்டினார், கோடு மேலே மேலே போகிறது. ஃபண்டை நடத்துபவர் கெட்டிக்காரரா, இல்லை சந்தை ஏறியதால் இதுவும் ஏறியதா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அம்மா பேசாமல் சீட்டில் போடு என்கிறார்.

நானுஓயாக்காரன்:

டீச்சர், கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஏஜென்ட் காட்டிய கோடு எந்த வருஷத்தில் தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், அதாவது எல்லாப் பங்குகளின் விலையும் சேர்ந்து எவ்வளவு ஏறி இறங்கியது என்று காட்டும் எண், 2010 முடிவில் 6,600 சொச்சம், 2020 முடிவில் 6,700 சொச்சம். பத்து வருஷம், கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே. அப்புறம் 2021 முடிவில் 12,200ஐத் தாண்டியது, 2022 முடிவில் 8,500க்குக் கீழே விழுந்தது, 2024 முடிவில் 15,900க்கு மேலே போனது. 2022 முடிவிலிருந்து கோடு கீறினால் ஒன்றுமே செய்யாமல் சந்தையோடு சும்மா போன ஃபண்ட் கூட இரண்டு வருஷத்தில் 80 வீதத்துக்கு மேல் ஏறியிருக்கும். நல்ல மழை பெய்து கொழுந்து ஓடும் மாதத்தில் எல்லாருக்கும் கிலோ கூடும், அதை வைத்து யார் கைக்காரி என்று சொல்ல முடியுமா?

அதனால் ஃபண்டின் ஒவ்வொரு வருஷ வருமானத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள், பக்கத்திலேயே சந்தையின் வருமானத்தையும் எழுதுங்கள். முக்கியமாக 2011 தொடங்கி 2020 வரை, அப்புறம் 2022. சுட்டெண் 30 வீதம் விழுந்த அந்த வருஷத்தில் இவர்கள் எவ்வளவு விழுந்தார்கள்? சந்தை ஏறும்போது அதைவிடக் கூட ஏறினார்களா? இதுதான் திறமை தெரியும் இடம்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. சாதாரண சுட்டெண்ணில் பங்குலாபம் (கம்பனி தன் லாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம்) சேராது, விலை மட்டும்தான். ஃபண்டுக்குப் பங்குலாபமும் வருகிறது. அந்தச் சுட்டெண்ணோடு ஒப்பிட்டு 'நாங்கள் சந்தையை வென்றோம்' என்று சொன்னால் அது நியாயமான ஒப்பீடு இல்லை. பங்குலாபமும் சேர்ந்த மொத்த வருமானச் சுட்டெண் ஒன்றும் கொழும்புச் சந்தையில் இருக்கிறது, அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

பண்டாரவளை அக்கா:

தம்பி சொன்னதோடு நான் கட்டணத்தையும் சேர்க்கிறேன், ஏனென்றால் 15, 20 வருஷத்துக்கு எதுவும் உறுதி இல்லாத இடத்தில் கட்டணம் மட்டும்தான் உறுதியாக வெட்டப்படும். முகாமைத்துவக் கட்டணம், ஃபண்டை மேற்பார்வை செய்யும் பொறுப்பாளர் வங்கிக்கு ஒன்று, பங்குகளைப் பாதுகாத்து வைப்பதற்கு ஒன்று, சில இடங்களில் உள்ளே போகும்போதோ வெளியே வரும்போதோ இன்னொன்று. எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை வீதம் என்று ஒரே எண்ணாகக் கேளுங்கள் டீச்சர். உதாரணத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வருஷம் 12 வீதம் வளர்ந்தால் 20 வருஷத்தில் 9.6 லட்சம் ஆகும். அதில் 2 வீதம் கட்டணத்துக்குப் போய் 10 வீதமே கிடைத்தால் 6.7 லட்சம்தான். வெறும் 2 வீதம்தானே என்று ஏஜென்ட் சொல்வார், மூன்று லட்சம் எங்கே போனது என்று பாருங்கள்.

அமெரிக்காவில் நீண்ட காலக் கணக்கு எடுத்தால் ஆள் வைத்துப் பங்கு தேர்ந்தெடுக்கும் ஃபண்டுகளில் பெரும்பாலானவை சுட்டெண்ணை வெல்லவில்லை. நம்முடையது சின்னச் சந்தை, எல்லாக் கம்பனியையும் அலசி ஆராய ஆட்கள் குறைவு, அதனால் உழைக்கும் முகாமையாளருக்கு இங்கே வாய்ப்பு கொஞ்சம் கூட என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நல்ல வருஷங்களில் நடத்தியவர் இப்போதும் அங்கேதான் இருக்கிறாரா? ஆள் மாறியிருந்தால் பழைய கணக்கு அவருடையது, ஃபண்டுடையது இல்லை.

பதுளை ரோட்:

இவ்வளவு தலைவலி எதற்கு? 2022 கடைசியில் திறைசேரி உண்டியல் (அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம்) 30 வீதத்துக்கு மேலேயும் கொடுத்தது. பங்குச் சந்தையையோ அந்த வருஷம் ஏப்ரலில் ஒரு வாரம் மூடியே வைத்தார்கள். 2020 மார்ச்சில் மூடியதை மே மாதம்தான் திறந்தார்கள். பிள்ளையின் படிப்புப் பணம், விளையாட்டு இல்லை.

நானுஓயாக்காரன்:

அண்ணா, பயம் நியாயமானது. ஆனால் அதே 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்துக்குப் பக்கத்தில் நின்றது, அதற்கு முந்தைய வருஷம் வைப்பில் போட்டு வைத்திருந்தவர் உண்மையில் இழந்தார். நீங்கள் சொன்ன 30 வீத வட்டியும் நிலைக்கவில்லை. டீச்சர் வைப்பும் வைத்திருக்கிறார், 15 வருஷமும் இருக்கிறது. இரண்டு மூன்று வருஷத்தில் வேண்டிய பணம் என்றால் நானும் உங்கள் பக்கம்தான்.

தலவாக்கலை டீச்சர்:

ரொம்ப நன்றி. ஏஜென்ட் காட்டிய ஃபண்டின் அறிக்கை கையில் கிடைத்தது. போட்டிருக்கும் முதல் பத்துப் பங்குகளில் இரண்டு பெருந்தோட்டக் கம்பனிகள். அது பிரச்சினையா?

பண்டாரவளை அக்கா:

கம்பனி நல்லதா என்பது வேறு, உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பது வேறு. வீட்டில் யாராவது தோட்டத்தில் வேலை செய்கிறார்களா? தேயிலை விலை விழுந்தால் வீட்டு வருமானமும் சேமிப்பும் ஒரே நேரத்தில் அடிவாங்கும். இரண்டும் சேர்ந்து ஃபண்டில் ஐந்து ஆறு வீதம் என்றால் விடுங்கள். 20 வீதம் என்றால் வேறு ஃபண்ட் பாருங்கள்.

போன வருஷ அறிக்கையையும் எடுத்து முதல் பத்தை ஒப்பிடுங்கள். பாதிக்கு மேல் மாறியிருந்தால் அடிக்கடி வாங்கி விற்கிறார்கள், தரகுச் செலவு உங்கள் பணத்திலிருந்துதான் போகும். மாறாக அந்தப் பத்தும் சுட்டெண்ணின் பெரிய கம்பனிகளாகவே இருந்தால் சுட்டெண்ணைப் பார்த்து நடப்பதற்கு ஏன் இவ்வளவு கட்டணம் என்று கேளுங்கள். பங்குச் சந்தையையும் யூனிட் ட்ரஸ்ட்களையும் கண்காணிக்கும் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் பட்டியலில் ஃபண்டை நடத்தும் கம்பனி இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்புறம், பிள்ளை உயர்தரம் படிக்கும் வயது வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வைப்புக்கு மாற்றத் தொடங்குங்கள், படிப்புத் தொடங்கும் வருஷத்தில் சந்தை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தலவாக்கலை டீச்சர்:

வீட்டுக்காரர் தோட்டத் தொழிற்சாலையில்தான் இருக்கிறார் அக்கா. இரண்டு கம்பனியும் சேர்ந்து 14 வீதம். இன்னும் இரண்டு ஃபண்டின் அறிக்கைகளை எடுத்து வருஷம் வருஷமாக எழுதி இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.