8 பிக்சல் உயரத்துல 'தண்ணி' எழுத முடியுங்களா?

வணக்கங்க, நமக்கு பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. தோப்பு மோட்டாருக்கு ஆர்டுயினோ ஊனோ (ப்ரோக்ராம் போட்டு ஓட்டற சின்ன கன்ட்ரோலர்) வச்சு ஒரு போர்டு பண்ணிருக்கேன், 128க்கு 64 பிக்சல் ஓஎல்ஈடி ஸ்கிரீன் (ஒவ்வொரு புள்ளியும் தானே எரியற சின்ன திரை). அம்மாவுக்கு தமிழ் மட்டுந்தான் படிக்க வரும், அதனால நானே ஃபான்ட் வரையறேன். இங்கிலீஷ் 5க்கு 7 பிக்சல்ல அழகா அடங்கிருச்சு, ஆனா 'தண்ணி இல்ல'ன்னு போட்டா ண், ணி ரெண்டும் ஒரே கட்டியா தெரியுதுங்க.

சித்தூர் தோப்பு: அந்த உயரம் பத்தாது தம்பி. புள்ளி, கொக்கி மேல போகுது, கு, ழ கீழ இறங்குது. 16 பிக்சல் உயரம் எடுத்துக்குங்க, அந்த ஸ்கிரீன் மெமரியே 8 8 பிக்சல் வரியாத்தான் பிரிஞ்சிருக்கு, அந்த ஒவ்வொரு 8-க்கும் பேஜ்னு பேரு, ரெண்டு பேஜ்ல எழுத்து கச்சிதமா உக்காரும், திரைக்கு 4 எழுத்து வரி கிடைக்கும், மோட்டாருக்கு அது தாராளம். அகலத்தை மட்டும் எல்லாத்துக்கும் ஒண்ணா வைக்காதீங்க, ட-வுக்கு 6 போதும், ண-வுக்கு 11ஆவது குடுங்க, ஒவ்வொரு வளைவுக்குள்ளயும் ஒரு பிக்சலாவது இருட்டா இருந்தாத்தான் கண்ணு பிரிச்சுப் பாக்கும்.

பிக்சல் பித்தன்: கு, கூ வரிசை 36 எழுத்தையும் தனித்தனியா வரைஞ்சே ஆகணுங்க, ஒட்டுவேலை ஆகாது. டி, டீயும் அப்படித்தான். யூனிகோடுல (கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கற முறை) ெ, ே, ை எழுத்துக்குப் பின்னாடி வரும், நீங்கதான் முன்னாடி மாத்திப் போடணும். ஃபான்டை ஃபிளாஷ்ல (ப்ரோக்ராம் தங்கற மெமரி) வைங்க, ஓடும்போது பயன்படற ராம் மொத்தமே 2 கேபி, அதுல ஸ்கிரீன் பஃபரே (திரைல காட்ட வேண்டிய படத்தோட நகல்) 1 கேபி தின்னுரும்.

கேட்டவர்: ண 11 அகலத்துல வரைஞ்சேங்க, அம்மா கண்ணாடி போடாமயே 'தண்ணி'ன்னு படிச்சுட்டாங்க! இனி ழு வால் அடுத்த வரில முட்டுது, அதைப் பாக்கணும்.