ராத்திரியில் "கால் வலிக்குதும்மா" என்று அழும் பிள்ளைகள்: உங்கள் வீட்டில் எப்படி?

தஞ்சாவூர் அம்மா:
மகளுக்கு ஐந்து வயது. சாயங்காலம் இருட்டும்வரை தெருவில் ஒரே ஆட்டம். தூங்கிக் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து அழுவாள். எங்கே வலி என்றால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டமாட்டாள். இரண்டு கெண்டைக்காலையும் தடவுவாள். பிடித்துவிட்டால் தூங்கிப்போவாள். விடிந்ததும் பழையபடி ஓட்டம்தான்.

மாமியார் சுளுக்கு எடுக்கிறவரிடம் போகலாம் என்றார். நான் குழந்தை டாக்டரிடம் போனேன். அவர் மூட்டுகளை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டி, நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு 'வளர்ச்சி வலி' என்றார். பேர்தான் அப்படி, வளர்வதால்தான் வலிக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லையாம். பெரும்பாலும் 3 முதல் 12 வயதுக்குள் வருமாம். எக்ஸ்ரேகூட எழுதவில்லை. இளஞ்சூட்டில் ஒத்தடம், அதிகமாக வலித்தால் எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால், அவ்வளவுதான். ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது என்றார். அமுக்கிவிடச் சொல்லிக் காலை நீட்டினால் பயமில்லை, தொடவே விடாமல் இழுத்துக்கொண்டால் உடனே கூட்டி வாங்க என்றும் சொன்னார்.

கோவை அப்பா:
எங்கள் கதை வேறு. பையனுக்கு நாலு வயது. சளி விட்டுப்போன அடுத்த வாரம், காலையில் எழுந்ததும் நொண்டினான். முழங்காலைத்தான் காட்டினான், அங்கே வீக்கமே இல்லை. டாக்டர் நேராக இடுப்புக்குப் போய்விட்டார். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் பிள்ளைகள் முழங்காலைக் காட்டுவார்களாம். தொடையை உள்பக்கம் திருப்பியதும் கத்திவிட்டான். ஸ்கேனில் மூட்டுக்குள் நீர் கோத்திருந்தது. வைரஸ் சளிக்குப் பிறகு இப்படி வருவதுண்டாம்; ஓய்வெடுத்தால் ஓரிரு வாரத்தில் சரியாகும் என்றார், அப்படியே ஆனது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொன்னார்: நல்ல காய்ச்சலும் இருந்து காலை ஊன்றவே மறுத்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் குருத்தெலும்பு சீக்கிரமே அரித்துப்போகும்.

நெல்லை ஆச்சி:
பேரனுக்கு ஃப்ளூ காய்ச்சல் தணிந்த மறுநாள் ரெண்டு ஆடுசதையும் பிடித்துக்கொண்டது. குதிகாலைத் தரையில் வைக்காமல் நுனிக்காலில் நடந்தான். தசை அழற்சியாம். தண்ணீர் நிறையக் குடிக்கவைத்து, சிறுநீர் கருப்பாகப் போகிறதா பார்க்கச் சொன்னார்கள். சீக்கிரமே தெளிந்துவிட்டது. என் மகன் அதற்குள் கால்சியம் டானிக் நாலு பாட்டில் வாங்கி அடுக்கிவிட்டான்!

குழந்தைகள் வார்டு நர்ஸ், சென்னை:
ஒரே காலில் ஒரே இடத்தில் வலி, பகலிலும் விடாத வலி, காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பு, காரணம் தெரியாத காய்ச்சல், முகம் வெளிறிப்போவது, அடிபடாமலே ஆங்காங்கே கன்றிப்போவது, எடை குறைவது. இதில் ஒன்று இருந்தாலும் தைலம் தேய்த்துப் பார்க்கலாம் என்று நாள் கடத்தாதீர்கள். அபூர்வம்தான், ஆனால் ரத்தப் புற்றுநோய்கூட எலும்பு வலியாகத் தலைகாட்டும். ரத்தப் பரிசோதனை அவசியம்.

அப்புறம், வீட்டில் நொண்டும்போதே போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அறைக்குள் வந்தால் பாதிப் பிள்ளைகள் ஒன்றுமே இல்லாத மாதிரி நடப்பார்கள்.