மாட்டுங்கா பக்கம் நல்ல பிளவுஸ் டெய்லர் யாராவது தெரியுமா?

மும்பைத் தமிழ் மக்களே, ஒரு உதவி. எனக்கு வயது 34, நல்ல கறுப்பு, கொஞ்சம் பருமன். சின்ன வயதிலிருந்து "உன் நிறத்துக்கு இது எடுக்காது" என்று கேட்டுக் கேட்டே அலமாரி முழுக்க பழுப்பும் சாம்பலும்தான். ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது, என் பெரியம்மா மட்டும் இன்னும் மாறவில்லை!

போன வாரம் தாதர் ஹிந்த்மாதாவில் சும்மா சுற்றும்போது கிளிப்பச்சையில் அரக்கு பார்டர் போட்ட ஒரு பருத்திப் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்தேன், கண்ணாடியில் தெரிவது நான்தானா என்று ஒரு நிமிடம் அப்படியே நின்று, பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன்.

இப்போது சிக்கல் பிளவுஸ்தான். வழக்கமாகத் தைக்கிறவர் அளவெடுக்கும்போதே "கை குண்டாத் தெரியும், நீளமா வைக்கிறேன்" என்கிறார். எனக்கு வேண்டியது கையில்லாத பிளவுஸ், அக்குளில் பிடிக்கக் கூடாது. மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் அறிவுரை சொல்லாமல் தைத்துக் கொடுப்பவர் யாராவது இருக்கிறாரா? கூலி எவ்வளவு? அப்புறம், இந்த ஊர் வியர்வைக்கு லைனிங் வைக்கலாமா, வேண்டாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், பொங்கலுக்குள் தைத்தாக வேண்டும்.