விரதம் இருக்க முடிகிற எனக்கு, இரவில் தின்னும் கையைக் கட்ட முடியவில்லை. மீண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஆற்காட்டு மகள் எழுதியது:

மூன்று நாட்களாக இதை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். இன்று அனுப்பிவிடுகிறேன்.

எனக்கு 36 வயது. வீடு ஆற்காட்டில். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம்.

சென்ற மாதம் பூந்தமல்லியில் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. பிள்ளைகளோடு கணவர் மாலையில் வருவதாக ஏற்பாடு. நான் காலையிலேயே பஸ் ஏறினேன். ஊரிலிருந்து போகிறவள் மக்கன் பேடா இல்லாமல் போக முடியுமா? அரைக் கிலோ வாங்கி, பாகு சிந்தாமல் இரண்டு உறை போட்டுக் கட்டித் தரச் சொன்னேன். வாலாஜா சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோது கட்டைப் பிரித்தேன். ஒன்றே ஒன்று என்றுதான் எடுத்தேன். காவேரிப்பாக்கம் தாண்டும்போது பாதி டப்பா காலி. காஞ்சிபுரம் பிரிவுக்கு முன்பே அடியில் பாகு மட்டும் இருந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி என்னையே பார்க்கிறார் என்று தெரிந்தும் கை நிற்கவில்லை. ருசி கூட மூன்றாவதுக்கு மேல் தெரியவில்லை. பிசுபிசுத்த விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, நாத்தனாரிடம் "கடை திறக்கவில்லை அண்ணி" என்று பொய் சொன்னேன்.

வீட்டில் நடப்பது இதைவிட மோசம். எல்லோரும் தூங்கிய பிறகு, பதினொரு மணி வாக்கில், அடுப்படியில் விளக்குப் போடாமல் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். குளிர்ந்த சோறும் ஊறுகாயும், பிள்ளைகளின் பிஸ்கட், மிக்சர், ஒன்றும் இல்லாவிட்டால் வெல்லக் கட்டி. வயிறு வலித்து மூச்சு முட்டும்போதுதான் நிற்கும். காலிக் கவர்களைக் கைப்பையில் திணித்து, மறுநாள் வேலை செய்யும் இடத்துக் குப்பைக் கூடையில் போடுகிறேன். வாரத்தில் மூன்று நாட்களாவது இப்படி நடக்கிறது. நான்கு ஆண்டுகளில் 61 கிலோவிலிருந்து 83 ஆகிவிட்டேன்.

எனக்குப் புரியாதது இதுதான். மனக்கட்டுப்பாடு இல்லாதவள் அல்ல நான். இரண்டாவது பிரசவத்துக்குப் பின், உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஆறு மாதம் ஒரே வேளை சாப்பிட்டு இளைத்துக் காட்டியவள். இப்போதும் வெள்ளிக்கிழமை, சஷ்டி, கிருத்திகை எல்லா விரதமும் இருக்கிறேன். இரவில் இப்படித் தின்றுவிட்டால் மறுநாள் பகல் முழுக்க மோர் மட்டும்தான். பஸ்ஸில் அப்படி நடந்ததற்கு முந்தைய நாள்கூட கிருத்திகை. ரத்தினகிரிக்குப் போய்ப் படியேறி வந்து, ஒரு வாழைப்பழத்தோடு இருந்துவிட்டேன். காலையில் கிளம்பும் அவசரத்தில் காப்பி மட்டும் குடித்தேன். அவ்வளவு முடிகிற எனக்கு இது ஏன் முடியவில்லை?

"என் மருமகளைப் போல விரதம் இருக்க யாரால் முடியும்" என்று அத்தை தெருவில் பெருமையாகச் சொல்வார். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் செத்துவிடலாம் போல அவமானமாக இருக்கிறது.

இது நோயா, என் நாக்கின் கொழுப்பா? யாரிடம் போவது? வீட்டில் எப்படிச் சொல்வது?

---

வாலாஜா நெசவு:

சகோதரி, வருத்தப்படாதீர்கள். தின்பண்டம் எதையும் வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். ராத்திரி அடுப்படியைப் பூட்டிச் சாவியை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு மண்டலம் இனிப்பைத் தொடுவதில்லை என்று முருகனிடம் வேண்டிக்கொள்ளுங்கள். 48 நாட்கள் போனால் நாக்கு தானாக அடங்கும். எனக்குப் புகையிலைப் பழக்கம் அப்படித்தான் விட்டது.

---

சத்துவாச்சாரி செவிலி:

வாலாஜா தம்பி நல்ல மனத்தோடு சொல்லியிருக்கிறார். ஆனாலும் மறுக்க வேண்டியிருக்கிறது. புகையிலை இல்லாமல் உயிர் வாழலாம், சோறு இல்லாமல் முடியாது. பூட்டும் 48 நாள் வைராக்கியமும் இவரை இன்னும் ஆழமாகத் தள்ளும். 29 ஆண்டுகள் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிப் பத்து ஆண்டுகள் மனநலப் பிரிவில் இருந்தேன்.

ஆற்காட்டு மகளே, நீங்கள் எழுதியதில் ஒரு பத்தியை நீங்களே திரும்பப் படியுங்கள். முந்தைய நாள் முழுக்க ஒரு வாழைப்பழம். மலைப்படி ஏறி இறங்கியிருக்கிறீர்கள். காலையில் வெறும் காப்பி. மடியில் அரைக் கிலோ மக்கன் பேடா. ஒன்றரை நாள் பட்டினி கிடந்த உடம்பு அது. நீங்கள் அதைக் கட்டுப்பாட்டுக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் காரணமாகத் தெரிகிறது.

1944 இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கியது. 36 ஆண்கள், நல்ல உடலும் மனமும் உள்ளவர்கள், தாமாக முன்வந்தவர்கள். ஆறு மாதம் வழக்கமான உணவில் பாதியளவுதான் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சோற்று நினைப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். பிறகு தாராளமாக உண்ண விட்டபோது, வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் மலைமலையாகத் தின்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் நாக்கில் கொழுப்பு எங்கிருந்து வந்தது? பட்டினிக்கு உடம்பு சொல்லும் பதில் அது. உங்கள் கதையும் ஆறு மாதம் ஒரே வேளை உண்டதில்தான் தொடங்குகிறது, கவனித்தீர்களா?

நோயா என்று கேட்டீர்கள். அடக்க முடியாமல் அளவுக்கு மீறி உண்பது வாரம் ஒரு முறையாவது மூன்று மாதங்கள் தொடர்ந்தால், அதைத் தனி நோயாகவே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் வகைப்பாட்டில் சேர்த்தது. பிஞ்ச் ஈட்டிங் என்பார்கள். வேகமாகத் தின்பது, பசிக்காமலே தின்பது, வெட்கத்தால் ஒளிந்து தின்பது, பிறகு தன்மேலேயே வெறுப்பு வருவது எல்லாம் அதன் அடையாளங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தின்றதை ஈடுகட்டப் பட்டினி கிடப்பது வழக்கமாகிவிட்டால், அதைப் புலிமியா என்ற வகையில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. வாந்தி எடுப்பவர்களுக்கு மட்டும் உரிய பெயர் அல்ல அது. உங்களுடையது எது என்று சொல்வது மருத்துவரின் வேலை, என்னுடையது அல்ல. ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் பசியைக் கிளப்பும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் ஒரு விரதமும் வேண்டாம். மயங்கி விழுந்தவர்களைத் தூக்கியவள் நான்.

இதற்குப் பேச்சு வழிச் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது. அதில் முதலில் எடையைத் தொடமாட்டார்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, மூன்று வேளை உணவு, இடையில் சிறிது ஏதாவது. முந்தைய இரவு என்ன நடந்திருந்தாலும் மறுநாள் காலை உணவு கட்டாயம். நோயாளிகள் இதைக் கேட்டால் பயப்படுவார்கள். "தின்றதற்கு மேல் இன்னும் தின்னவா?" என்பார்கள். ஆம், காலை இட்லியை விட்டால்தான் இரவு பதினொரு மணி வரும்.

வேலூரில் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயம் என்றாலே நம் பக்கத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், தெரியும். பார்க்கட்டும். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள். செத்துவிடலாம் போல என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நினைப்பு அவமானத்தைத் தாண்டி வளர்ந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

---

ரயிலடி வீடு, காட்பாடி:

தங்கச்சி, எனக்கு 52 வயது. ஆண்களுக்கும் இது உண்டு என்பதற்காகவே எழுதுகிறேன். ஆண் பிள்ளை நிறையச் சாப்பிட்டால் "நல்ல சாப்பாட்டுக்காரன்" என்று பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படியே இருபது ஆண்டுகள் போயின. ஆம்பூருக்கு வேலையாகப் போகும் நாட்களில் இரண்டு கடைகளில் இரண்டு முறை பிரியாணி சாப்பிடுவேன். ஒரே கடையில் இரண்டாவது தட்டு கேட்க வெட்கம். வீட்டுக்கு வந்து, மனைவி எடுத்து வைத்த சாப்பாட்டையும் ஒன்றும் நடக்காதது போல உண்பேன்.

செவிலி அக்கா சொன்ன மூன்று மணி நேர முறையைத்தான் எனக்கும் சொன்னார்கள். முதல் மாதம் எடை ஒரு கிலோ ஏறியது. விட்டுவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது மாதம் ஒரு நாள் இரவு படுக்கையில் இருந்தபோது, அடுப்படியைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது திடீரென்று உறைத்தது. அந்த அமைதி எத்தனை ஆண்டுகளாக இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

எனக்கு உதவிய ஒரு சிறு காரியம். எதைத் தின்றாலும் தட்டில் வைத்து, விளக்கைப் போட்டு, உட்கார்ந்து தின்பது. இரவு எழுந்துவிட்டால்கூட அப்படித்தான். விளக்கெரியத் தின்பது இருட்டில் தின்பதைப் போல வெகுதூரம் போகாது. இப்போதும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வழுக்குகிறேன். பெரும்பாலும் யாருடனாவது மனத்தாங்கல் வந்து, மதியச் சாப்பாட்டையும் தவறவிட்ட நாளாக இருக்கும்.

வீட்டில் சொல்வது பற்றி: நான் மனைவியிடம் நேருக்கு நேர் சொல்லவில்லை. இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, துணியைப் பார்த்தபடியே சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தாமல், "அந்த கவரெல்லாம் நான் பார்த்திருக்கிறேன்" என்றாள்.

---

ஆற்காட்டு மகள்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அந்தப் பத்தியைத் திரும்பப் படித்தேன், அக்கா. நான் எழுதியது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

கணவரிடம் சொன்னேன். அண்ணா எழுதியபடி, அவர் வண்டி ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்திருந்தபோது, பாலாற்றுப் பாலத்தின் மேல். முகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் பாலம் முடிந்ததும் வண்டியை ஓரம் கட்டினார். திட்டுவார் என்று நினைத்தேன். "பட்டினி கிடக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

அத்தையிடம் சொல்வதுதான் பெரிய மலையாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை காலை நான் தட்டில் மூன்று இட்லி வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து, "இன்று விரதம் இல்லையா?" என்றார். "உடம்புக்கு முடியவில்லை அத்தை, இனிமேல் சாப்பிட்டுவிட்டுத்தான் கும்பிடப் போகிறேன்" என்றேன். கை நடுங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சட்னிக் கிண்ணத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். முழுவதும் இன்னும் சொல்லவில்லை. ஆனால் தெருவில் என் விரதப் பெருமையை அதன் பிறகு அவர் பேசிக் கேட்கவில்லை.

பதினான்கு இரவுகளில் இரண்டு முறை நடந்தது. இரண்டாவது முறை விளக்கைப் போட்டேன், அண்ணா. பாதியில் நின்றது.

வாலாஜா அண்ணா, உங்கள் மேல் வருத்தம் இல்லை. நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வரும் வியாழக்கிழமை பாகாயம் போகிறோம். அக்கா, முதல் நாள் என்ன கேட்பார்கள்? இவரையும் உள்ளே அழைத்துப் போகலாமா?

---

சத்துவாச்சாரி செவிலி:

எப்போது தொடங்கியது, எப்படி நடக்கிறது, தூக்கம் எப்படி, மனம் எப்படி, வீட்டில் யார் யார் என்று நிதானமாகக் கேட்பார்கள். அழுதால் அழுங்கள், காத்திருப்பார்கள். கணவரை அழைத்துப் போங்கள், ஆனால் கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பஸ்ஸில் நடந்ததை இங்கே எழுதியபடியே சொல்லுங்கள், குறைக்காதீர்கள்.

கூட்டம் இருந்தால் நேரமாகும். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பதினொரு மணிக்கு உண்ண ஒரு சிறு டப்பாவில் சுண்டலோ வேர்க்கடலையோ எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொன்னால், அதற்கு இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம்.